லங்காமுக்கு எத்தனை கால்? விசாயப் பிரதிநிதிகளுக்கு ஒரு திறந்த மடல்

விசாயத் தீவுகளிலிருந்து பிலிப்பைன்ஸ் பிரதிநிதிகள் அவைக்கும் செனட்டுக்கும் போயிருக்கும் உறுப்பினர்களுக்கு,

சிறு வகுப்புகளில் தாய்மொழியில் சொல்லிக்கொடுப்பதை நீங்கள் எடுத்துவிட்டதைப் பற்றியது இந்த மடல். போன செப்டம்பரில் என் மகள் பள்ளியிலிருந்து ஒரு பயிற்சித் தாளோடு வந்தாள். இரண்டாம் வகுப்பு, ஏழு வயது. அது மொழிப் பாடத் தாள் அல்ல. விலங்கு, பறவை, பூச்சி பற்றியது. நான்காவது கேள்வி தேசிய மொழியான பிலிப்பினோவில் இப்படி இருந்தது: 'இலான் ஆங் பாஅ நங் லங்காம்?' லங்காமுக்கு எத்தனை கால் என்று அர்த்தம். மகள் 2 என்று எழுதியிருந்தாள். அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டுப் பக்கத்தில் 6 என்று போட்டிருந்தது.

உங்களுக்கு இதற்குள் சிரிப்பு வந்திருக்கும். தலைநகரில் பேசும் தகாலோக்கில், பிலிப்பினோவுக்கு அடிப்படையான மொழியில், லங்காம் என்றால் எறும்பு. நம் செபுத் தீவில் பேசும் பினிசாயாவில், அதாவது செபுவானோவில், லங்காம் என்றால் பறவை. என் மாமியார் தாளை வாங்கி, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, இரண்டு முறை படித்தார். 'ஹுஸ்தோ மான் நி' என்றார். சரியாத்தானே எழுதியிருக்கா! அறுபத்தெட்டு வருடமாக லங்காம்களைப் பார்க்கிறவர். ஆறு காலுள்ள ஒன்றை அவர் இதுவரை பார்த்ததில்லை.

எறும்பைப் பினிசாயாவில் என்ன சொல்வார்கள் என்று மகளுக்குத் தெரியும். தமிழில் எறும்பு என்றும் தெரியும், ஆங்கிலத்திலும் தெரியும். அதற்கு எத்தனை கால் என்றும் தெரியும், நான் கேட்டுப் பார்த்தேன். மூன்று மொழியில் தெரிந்த ஒரு விஷயத்துக்கு நான்காவது மொழியில் பூஜ்யம் வாங்கி வந்திருக்கிறாள். அவளுடைய ஆசிரியையைக் குறை சொல்ல மாட்டேன். அவரும் இந்த ஊர்க்காரர்தான். 'எனக்கும் சின்ன வயசில் இதே லங்காமில்தான் மார்க் போச்சு' என்று சொல்லிச் சிரித்தார். விடைக் குறிப்பு அவர் கையில் இல்லை. மேலிருந்து வருகிறது. மேலே உட்கார்ந்திருப்பது நீங்கள்.

ஒரு விளக்கம் சொல்லிவிட்டுப் போகிறேன். இதே மடலைப் பினிசாயாவில் எழுதி, என் மனைவி பிழை திருத்தி, உங்கள் அலுவலகங்களுக்கு அனுப்புகிறோம். இந்தத் தமிழ் வடிவம் என் ஊர்க்காரர்கள் படிப்பதற்கு. கப்பல் வேலையாலும் மருத்துவப் படிப்பாலும் உங்கள் நாட்டோடு உறவுள்ளவர்கள் தமிழ்நாட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காக, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த சிலவற்றையும் நான் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கடலூர்க் கரையில் பிறந்தவன். பதினான்கு வருடம் சரக்குக் கப்பல்களின் எஞ்சின் அறையில் இருந்தேன். பினிசாயாவை நான் கற்றது மெஸ் ரூமில். டெக் ஆட்களின் தலைவரான போசன் மணிலாக்காரர். அவர் இருக்கும்வரை எல்லோரும் தகாலோக். அவர் டெக்குக்குப் போன மறு நிமிடம், செபுக்கார ஆயிலரும் போஹோல் ஃபிட்டரும் பினிசாயாவுக்கு மாறுவார்கள். குரலே மாறும், கை ஆட்டிப் பேசுவார்கள், நகைச்சுவை வரும். அதே ஆட்கள் தகாலோக் பேசும்போது அளந்து அளந்து பேசுவார்கள். 'இ'யையும் 'எ'யையும் மாற்றிச் சொல்லிவிட்டால் மணிலாக்காரர்கள் சிரிப்பார்களாம். தொலைக்காட்சி நாடகத்தில் வீட்டு வேலைக்காரி வந்தால் அவளுக்கு இன்டாய் என்று பெயர் வைத்து, விசாய இழுவையில் பேச விடுவார்கள் என்று அவர்கள்தான் எனக்குச் சொன்னார்கள். இன்டாய் என்பது உங்கள் வீடுகளில் பெண் பிள்ளையைச் செல்லமாகக் கூப்பிடும் சொல். என் மகளையும் அவள் பாட்டி அப்படித்தான் கூப்பிடுகிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2024 அக்டோபர் 10 அன்று குடியரசுச் சட்டம் 12027 பிறந்தது. உங்கள் இரு அவைகளும் நிறைவேற்றின. ஜனாதிபதி கையெழுத்துப் போடவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை. கெடு முடிந்ததும் அது தானாகவே சட்டமாகிவிட்டது. மழலையர் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை தாய்மொழியில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று 2013-இல் குடியரசுச் சட்டம் 10533 சொன்னதை இது எடுத்துவிட்டது. இனிப் பயிற்றுமொழி பிலிப்பினோவும் ஆங்கிலமும். நம் மொழிகள் துணைமொழிகள். பதினோரு வருடம் தலைமை ஏற்ற மொழி ஒரே கெடுவில் துணைக்கு இறங்கிவிட்டது. அதற்கு முன்பே, 2023-இல் அறிவித்த புதிய பாடத்திட்டத்தில், தாய்மொழி என்ற தனிப் பாடத்தையும் நீக்கியாயிற்று.

அந்தப் பதினோரு வருடம் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. மகளுக்கு முன்னால் படித்த மைத்துனர் பிள்ளைகளின் புத்தகங்களைப் பார்த்திருக்கிறேன். கணக்குப் புத்தகத்தில் யாரும் வாயால் சொல்லாத பழஞ்சொற்களைத் தேடிப் போட்டிருந்தார்கள். போஹோல் பேச்சுக்கும் செபு பேச்சுக்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் கவனிக்கவில்லை. ஆசிரியர்களுக்குச் சில நாள் பயிற்சி கொடுத்து வகுப்புக்குள் தள்ளிவிட்டார்கள். அரசின் கொள்கை ஆய்வு நிறுவனமே 2019-இல் ஒன்றைச் சொன்னது. எழுத்துமுறை, இலக்கணம், அகராதி, கதைப் புத்தகம் என்று நான்கையும் தயார் செய்த பள்ளிகள், ஆய்வு செய்தவற்றில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இதெல்லாம் உண்மை. ஆனால் இந்தக் கணக்கை நீங்கள் படித்த விதம்தான் எனக்குப் புரியவில்லை. கிணறு பாதி வெட்டியிருக்கிறது, தண்ணீர் வரவில்லை. மீதியை வெட்டுவதா, மண்ணைப் போட்டு மூடுவதா? நீங்கள் மூடினீர்கள்.

பன்னாட்டுத் தேர்வில் பிலிப்பைன்ஸ் பிள்ளைகள் கடைசியில் வந்ததற்குத் தாய்மொழி வகுப்புதான் காரணம் என்று எங்கள் தெருவிலேயே ஒரு படித்த மனிதர் என்னிடம் வாதாடினார். 2018-இல் பீசா தேர்வு எழுதிய 79 நாடுகள், பகுதிகளில் வாசிப்பில் கடைசி இடம் வந்தது உண்மைதான். ஆனால் அதை எழுதிய பிள்ளைகளுக்கு அப்போது 15 வயது. தாய்மொழித் திட்டம் நாடு முழுக்க 2012-இல் வந்தபோது அவர்கள் மூன்றாம் வகுப்பைத் தாண்டியிருந்தார்கள், அல்லது தாண்டிக்கொண்டிருந்தார்கள். பிலிப்பினோவும் ஆங்கிலமுமாகத் தொடங்கியவர்கள் அவர்கள். நீங்கள் திரும்பக் கொண்டுவந்திருப்பது அந்தப் பழைய முறையைத்தான்.

இதைச் சோதித்துப் பார்க்க வெளிநாடு போக வேண்டாம். உங்கள் மண்ணிலேயே 75 வருடத்துக்கு முன் பார்த்தாயிற்று. 1948-இல், ஹிலிகாய்னோன் என்ற விசாய மொழி பேசும் இலோயிலோவில், ஹோசே அகிலார் என்ற கல்விக் கண்காணிப்பாளர், சாண்டா பார்பரா ஊர்ப் பள்ளிகளில் ஒரு பரிசோதனை தொடங்கினார். ஒரு பகுதிப் பிள்ளைகளுக்கு முதல் இரண்டு வகுப்பும் ஹிலிகாய்னோனில். இன்னொரு பகுதிக்கு அன்றைய வழக்கப்படி ஆங்கிலத்தில். ஹிலிகாய்னோனில் படித்தவர்கள் வாசிப்பிலும் கணக்கிலும் சமூகப் பாடத்திலும் முந்தினார்கள். மூன்றாம் வகுப்பில் ஆங்கிலத்துக்கு மாறிய பிறகு, ஆங்கிலத்திலும் சில மாதங்களில் மற்றவர்களை எட்டிப் பிடித்தார்கள். அந்த முடிவை வைத்துத்தான் 1957-இல் நாடு முழுவதும் முதல் இரண்டு வகுப்பு உள்ளூர் மொழிக்கு மாறியது. 1974-இல் இருமொழிக் கொள்கை வந்து அதை எடுத்தது. 2009-இல் கல்வித் துறை ஆணை அதைத் திரும்பக் கொண்டுவந்தது. 2024-இல் நீங்கள் திரும்பவும் எடுத்துவிட்டீர்கள். ஹிலிகாய்னோன் பிள்ளைகளை வைத்து நிரூபித்த ஒன்றை நாடு இரண்டு முறை மறந்திருக்கிறது; இரண்டாவது முறை மறந்தது ஹிலிகாய்னோன் பேசும் பிரதிநிதிகள் இருக்கும் அவை.

என் வீட்டிலேயே எதிர்க்கட்சி உண்டு. மனைவி கால் சென்டரில் இரவுப் பணி. அவளுடைய சம்பளமே ஆங்கிலத்தில்தான் வருகிறது. 'பினிசாயாவை வீட்டில் கற்றுக்கொள்ளலாம், பள்ளியில் எதற்கு?' என்று முதலில் அவள்தான் கேட்டாள். நானும் ஆங்கிலம் தெரிந்ததால் கப்பலேறியவன், ஆங்கிலம் வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வேன்? அப்புறம் ஒரு நாள், பேச்சுவாக்கில், அவள் படித்த பள்ளியைப் பற்றிச் சொன்னாள். வகுப்பில் ஒரு பினிசாயாச் சொல்லுக்கு ஒரு பெசோ அபராதம். யார் பேசினார்கள் என்று எழுதிவைக்க ஒரு மாணவிக்குப் பொறுப்பு. வெள்ளிக்கிழமை வசூல். 'நீ எவ்வளவு கட்டினாய்?' என்று கேட்டேன். 'ஒன்றும் கட்டவில்லை. பேசாமலே இருந்துவிட்டேன்' என்றாள். ஆறு வருடம் கேள்வி கேட்காத பிள்ளை. அவளை அந்தப் பள்ளியில் அடக்கமான மாணவி என்று பாராட்டியிருக்கிறார்கள்.

இப்போது நிலைமை வேறு என்பீர்கள். அபராதம் போயிருக்கலாம். மகளின் ஆசிரியை பாடத்தைப் பினிசாயாவில் விளக்குகிறார், பிள்ளைகள் தலையாட்டுகிறார்கள். பார்வையாளர் வாசலில் வந்தால் பிலிப்பினோவுக்குத் தாவுகிறார். மெஸ் ரூமில் போசனைக் கண்டதும் நாங்கள் செய்த அதே தாவல். சட்டம் துணைமொழி என்று அனுமதித்த பிறகும் அவர் பயப்படுகிறார் என்றால், அந்தத் 'துணை' என்ற சொல்லின் மதிப்பு அவ்வளவுதான்.

சட்டத்தில் ஒரு ஜன்னல் இருப்பதாகச் சொல்கிறீர்கள். ஒரே தாய்மொழி பேசும் பிள்ளைகள் மட்டும் உள்ள வகுப்பில், விரும்பினால், தாய்மொழியில் நடத்தலாம். ஆனால் ஜன்னலுக்கு எத்தனை கம்பி! மொழி ஆணையம் வெளியிட்ட எழுத்துமுறை வேண்டும். ஆணையம் வெளியிட்ட சொல்தொகுதி வேண்டும். இலக்கியம் வேண்டும், இலக்கணப் புத்தகம் வேண்டும், அந்த மொழியில் பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும். இதில் ஒன்றையாவது ஏழு வயதுப் பிள்ளையோ அதன் பெற்றோரோ செய்ய முடியுமா? எல்லாம் அரசு செய்ய வேண்டியவை. அரசு செய்யத் தவறினால் தண்டனை பிள்ளைக்கு.

செபுவானோவுக்காவது 1930-இல் தொடங்கிய 'பிசாயா' பத்திரிகை இருக்கிறது. 1972-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜான் வோல்ஃப் தொகுத்த பெரிய அகராதி இருக்கிறது. அக்லானில் என்ன செய்வார்கள்? ஆன்டிக்கேயில் கினராய்-ஆ பேசும் மலைக்கிராமத்தில்? ரோம்ப்லோன் சிறிய மாகாணம், அதற்குள்ளேயே ரோம்ப்லோமானோன், ஒன்ஹான், ஆசி என்று மூன்று மொழி. 2024 ஜூனில் நீங்களே தனி மண்டலமாக்கிய நீக்ரோஸ் தீவை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கே ஹிலிகாய்னோன், கிழக்கே செபுவானோ, நடுவில் இரண்டும் கலந்த ஊர்கள். அங்கே ஒரு வகுப்பில் முப்பது பிள்ளைகள் என்றால், இரண்டு விசாய மொழிகளும் எல்லோர் காதிலும் விழுந்தே வளர்ந்திருக்கும். உங்கள் சட்டப்படி அது 'ஒருமொழி வகுப்பு' இல்லை. ஆகவே இரண்டு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் தூரமான மூன்றாவது மொழியில் பாடம். பக்கத்து வீட்டு மொழி இடைஞ்சல், கடல் தாண்டிய மொழி பொது. இதை எந்தத் தர்க்கத்தில் சேர்ப்பது?

தகாலோக்கும் செபுவானோவும் தூரத்து உறவுதானே, பிள்ளை பிடித்துக்கொள்ளும் என்பார்கள். என் தமிழ் வாசகர்களுக்குச் சொல்கிறேன்: கன்னடக்காரர் பேசும்போது நமக்கு அங்கங்கே சொற்கள் பிடிபடும், வாக்கியம் கைநழுவும். அதைப் போன்றது. ஐந்து வரை எண்ணிப் பாருங்கள். செபுவில் உசா, துஹா, துலோ, உபாத், லிமா. தகாலோக்கில் இசா, தலவா, தத்லோ, ஆபாத், லிமா. ஐந்தாவதில்தான் இரண்டும் கைகுலுக்குகின்றன. பாதி தெரிந்த சொல், தெரியாத சொல்லைவிட மோசம். லங்காம் அப்படித்தான் மகளைக் கவிழ்த்தது. தெரியாத சொல்லாக இருந்திருந்தால் கை தூக்கிக் கேட்டிருப்பாள்.

பள்ளியோடு முடிகிற விஷயமாக இருந்தால் இவ்வளவு நீளமாக எழுத மாட்டேன். 2013 நவம்பர் 8, யோலாண்டா புயல். எங்கள் கப்பலில் ஒரு ஆயிலர் லெய்த்தே தீவுக்காரர், வாராய் என்ற விசாய மொழி பேசுகிறவர். பதினொரு நாள் அவருக்கு வீட்டிலிருந்து சேதி இல்லை. நாங்கள் யாரும் அவர் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை. 6,000 பேருக்கு மேல் இறந்த அந்தப் புயலில் எச்சரிக்கை வராமல் இல்லை. வந்தது. 'ஸ்டார்ம் சர்ஜ்' என்று ஆங்கிலத்தில் வந்தது. புயலோடு கடல் பொங்கி ஊருக்குள் ஏறும் என்று அர்த்தம். லெய்த்தேயின் தக்லோபான் கரையில் பலருக்கு அந்தச் சொல் என்னவென்று தெரியவில்லை. காற்று பலமாக வரும் என்று நினைத்தவர்கள் வீட்டுக்குள் இருந்தார்கள். 'சுனாமி என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம்' என்று பிழைத்தவர்கள் பிறகு சொன்னார்கள்.

அந்த வாக்கியத்தைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. 2004 டிசம்பர் 26-க்கு முன்னால் எங்கள் கடலூர்க் கரையில் சுனாமி என்ற சொல்லே யாருக்கும் தெரியாது. எங்களுக்கு எச்சரிக்கையும் வரவில்லை, சொல்லும் இல்லை. உங்களுக்கு எச்சரிக்கை வந்தது, சொல் மட்டும் உங்களுடையதாக இல்லை. முக்கியமான அறிவு எப்போதும் வேறொரு மொழியில்தான் வரும் என்று ஒன்றாம் வகுப்பிலேயே பழக்கிவிட்ட ஊரில், வானிலை அறிவிப்பு புரியாதபோது யார் எழுந்து நின்று 'அப்படியென்றால் என்ன?' என்று கேட்பார்கள்?

தமிழ்நாட்டுக்காரனுக்கு எல்லாமே மொழிப்போராகத்தான் தெரியும் என்று மைத்துனர் கிண்டல் செய்கிறார். எனக்குத் தகாலோக் மேல் பகை இல்லை, அதில் நல்ல நண்பர்கள் இருக்கிறார்கள். சோழ இளவரசன் ஒருவன் வந்து செபு அரசை நிறுவினான், ஆகவே இது நம் சொந்த ஊர் என்று இணையத்தில் மார்தட்டும் கூட்டத்திலும் நான் இல்லை. அந்தக் கதைக்கு உறுதியான சான்று கிடையாது. இந்த ஊரோடு எனக்குள்ள உறவு என் மகள்தான், அது போதும்.

ஆனால் மக்தான் தீவில் குடியிருப்பதால் ஒன்று மனதில் ஓடுகிறது. ஒவ்வொரு ஏப்ரலிலும் 27-ஆம் தேதியையொட்டி, ஸ்பெயினுக்காகக் கப்பலேறி வந்த மகெல்லனைப் போரில் வீழ்த்திய இந்தத் தீவுத் தலைவன் லபுலபுவின் வெற்றி விழா. மேடை ஏறும் உங்களில் பலர் அருமையான பினிசாயாவில் பேசுகிறீர்கள். தேர்தல் வந்தாலும் அப்படித்தான். சந்தையில், ஜீப்னி நிறுத்தத்தில், எங்கள் தெரு முனையில், பினிசாயாவில்தான் ஓட்டுக் கேட்டீர்கள். 1521-இல் அந்தப் போருக்கு முன்பு, மகெல்லனோடு வந்த இத்தாலியர் பிகாஃபெட்டா, இந்தத் தீவுக்காரர்களிடம் கேட்டுக் கேட்டுச் சுமார் 160 சொற்களைக் குறித்துவைத்தார். கண்ணுக்கு மாத்தா, மூக்குக்கு இலோன். இன்றும் என் மாமியார் கண்ணை மாதா என்றும் மூக்கை இலோங் என்றும்தான் சொல்கிறார். வந்த அந்நியன்கூட முதலில் 'இதை நீங்கள் என்னவென்று சொல்வீர்கள்?' என்று கேட்டிருக்கிறான். மகளின் பயிற்சித் தாளை அச்சடித்தவர்கள் அதைக் கேட்கவில்லை.

நான் கேட்பவை இவை. சட்டம் 12027-ஐத் திருத்துங்கள். மூன்றாம் வகுப்பு வரை தாய்மொழியில் கற்பதை, பள்ளி விரும்பினால் கிடைக்கும் சலுகையாக வைக்காமல், பிள்ளை கேட்டுப் பெறும் உரிமையாக எழுதுங்கள். எழுத்துமுறை, அகராதி, இலக்கணம் ஆகியவற்றைத் தயார் செய்யும் கடமையை மொழி ஆணையத்தின் தலையில் கெடுவோடு வையுங்கள், அதற்குப் பணமும் ஒதுக்குங்கள். அந்தக் கெடு தவறினால் பிள்ளையின் வகுப்பு பாதிக்கக் கூடாது. அக்லானோன், கினராய்-ஆ, ஆசி போன்ற சிறிய மொழிகளுக்கு முதலில் செய்யுங்கள். செபுவானோவுக்குக் குரல் கொடுக்க நாங்கள் கோடிக்கணக்கில் இருக்கிறோம், அவர்களுக்கு அது இல்லை.

திருத்தம் வரும்வரை காத்திருக்க முடியாததால் இன்னும் சில. 'ஒருமொழி வகுப்பு' என்பதற்கு, எல்லோருக்கும் புரியும் ஒரு விசாய மொழி இருந்தால் போதும் என்று விளக்க ஆணை வாங்கிக் கொடுங்கள். எந்தெந்தப் பள்ளிக்குத் தகுதி என்ற பட்டியலை, ஜூனில் பள்ளி திறக்கும் முன், ஒவ்வொரு ஊர் மன்றத்திலும் ஒட்டச் சொல்லுங்கள். மொழிப் பாடம் தவிர மற்றப் பாடங்களில், ஏழெட்டு வயதுப் பிள்ளை எந்த மொழியில் விடை சொன்னாலும், விடை சரியாக இருந்தால் மதிப்பெண் உண்டு என்று கல்வித் துறையை எழுத்தில் அறிவிக்க வையுங்கள். சொந்த மொழி பேசியதற்கு அபராதமோ பலகையில் பெயரோ எந்தப் பள்ளியிலும் கூடாது என்று அதே தாளில் சேருங்கள். புயல், வெள்ள எச்சரிக்கை அந்தந்தத் தீவின் மொழியில் முதலில் வர வேண்டும், ஆங்கிலம் பின்னால் வரட்டும். 1987 அரசியல் சட்டம், 14-ஆம் பகுதி, 8-ஆம் பிரிவில், தன்னை முக்கிய வட்டார மொழிகளில் மொழிபெயர்க்க வேண்டும் என்று தானே சொல்கிறது. அந்தப் பிரதி ஒவ்வொரு விசாயப் பள்ளி நூலகத்திலும் இருக்க ஏற்பாடு செய்யுங்கள்.

எனக்கு இங்கே ஓட்டு இல்லை. மனைவிக்கும் மாமியாருக்கும் இருக்கிறது. நீங்கள் அடுத்த முறை எங்கள் தெருவுக்கு வரும்போது மாமியார் அந்தத் தாளைக் காட்டுவார், மடித்துப் பைபிளுக்குள் வைத்திருக்கிறார். லங்காமுக்கு எத்தனை கால் என்று உங்களிடமும் கேட்பார்.

இப்படிக்கு,
இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் அப்பா
லபுலபு நகரம், செபு